ஈசான் வயல்வெளியில் ஒரு காம்பவுண்டுச் சுவர்

தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் கிராமங்களில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் மண் அடித்து மனையை மேடாக்குவார்கள். அடுத்து வீடு. கடைசியில், கையில் மிச்சமிருக்கும் காசைப் பொறுத்து, காம்பவுண்டு. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். கயிறு பிடி, காலம் என்கிற தூணை நிறுத்து, கல் அடுக்கு, பூசு, முடிந்தது என்று.

ரோய் எட் மாகாணத்தின் தெற்கே, என் மனைவியின் ஊரில் நாங்கள் வீடு கட்டியபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது வீடு இல்லை, சுவர்தான். வீட்டில் எது எப்படி இருக்க வேண்டும் என்பது நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம். சுவர் அப்படி இல்லை. மேலே இருக்கும் வயலிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும், அறுவடை இயந்திரம் எந்த வழியாகத் திரும்பும், மாமியார் எந்தப் பக்கமாக வந்து போவார், இது எல்லாவற்றிலும் அது கை வைக்கிறது. அதிலும் முக்கியம் தண்ணீர். இந்த ஊரில் சுவர் கட்டப் போகிறவர் திருடனைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் துங் குலா ரோங்ஹாய் என்ற பெரிய சமவெளியின் ஓரத்தில் இருக்கிறது. ஐந்து மாகாணங்களில் பரவிக் கிடக்கும் சுமார் 20 லட்சம் ராய் நிலம்; ஒரு ராய் என்பது 1,600 சதுர மீட்டர். உலகம் முழுக்க விற்கும் ஹோம் மாலி என்ற மல்லிகை அரிசிக்குப் பேர்போன மண். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இந்த நிலத்தில் ஒரு சாண் உயர வித்தியாசம்தான் எது வயல், எது குளம், எது வீடு என்பதைத் தீர்மானிக்கிறது. மே பாதியில் தொடங்கி அக்டோபர் வரை மழை. ஆகஸ்ட், செப்டம்பரில் வயலுக்கு வயல் வரப்பை வெட்டிவிட்டுத் தண்ணீரைக் கீழே இறக்கிக்கொண்டே போவார்கள். ஜனவரி வந்தால் அதே மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனையை மண் கொட்டி உயர்த்திச் சுற்றிலும் சுவர் எழுப்பினால், தண்ணீர் போகிற வழியில் ஓர் அணையைக் கட்டியதாகத்தான் அர்த்தம்.

சுவருக்கு முன்னால் எல்லை. நிலம் என் மனைவி பெயரில் இருக்கிறது. வெளிநாட்டவர் இங்கே தம் பெயரில் நிலம் வாங்க 1954ஆம் ஆண்டு நிலச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. தாய்லாந்துக்காரரான மனைவியோ கணவனோ வாங்கலாம். வாங்கும் பணம் அவருடைய தனிச்சொத்துதான் என்று இருவரும் நில அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோம். பத்திரத்தில் மேலே கருடன் முத்திரை இருக்கும். சிவப்புக் கருடன் என்றால் சானோட், முழு உரிமைப் பத்திரம், எல்லை முறையாக அளந்து கல் நட்டது. பச்சைக் கருடன் என்றால் அடுத்த படி. அங்கே எல்லை பெரும்பாலும் வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து வரைந்தது. சந்தையில் நிலம் விற்கிறவர்கள்கூட “சிவப்பா, பச்சையா” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். எங்களுடையது சிவப்பு. 1901இல் மன்னர் ஐந்தாம் ராமர் காலத்தில் நிலப் பதிவுத் துறையைத் தொடங்கி, இப்படி அளந்து பத்திரம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காகிதத்தின்மேல் கிராமத்து மனிதர்களுக்கு இன்றைக்கும் இருக்கும் மரியாதையை நேரில் பார்த்தால்தான் தெரியும். மாமியார் அதை அலமாரியில் மறைந்த மாமனாரின் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

சிவப்புக் கருடன் இருந்தாலும் எல்லைக் கல்லைக் கண்ணால் பார்க்காமல் கடைக்கால் தோண்டக் கூடாது. ‘முட்’ என்று சொல்லும் அந்தச் சிறிய கான்கிரீட் முளையின் தலையில் எண் இருக்கும். உழவில் சாய்ந்திருக்கும், புதருக்குள் போயிருக்கும். மண் அடித்துவிட்டால் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் லாரி மண் வருவதற்கு முன்பே நில அலுவலகத்தில் எல்லை சரிபார்ப்புக்கு மனுப் போட்டோம். ‘ரங்வட்’ என்பார்கள், நம்மூரில் சர்வேயரைக் கூப்பிடுகிற மாதிரி. சுற்றியுள்ள நிலக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போகும். குறித்த நாளில் அவரவர் வந்து நின்று, தன் பக்கக் கல் இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். மேற்கு வயல்காரரான லுங், தலையில் கட்டம் போட்ட துண்டோடு, மண்வெட்டியும் கொண்டுவந்தார். லுங் என்றால் அப்பாவுக்கு மூத்த வயதுள்ள பெரியப்பா முறை. ஊரில் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அளவைக்காரர் கருவியை நிறுத்திக் காட்டிய இடத்தில் லுங்தான் தோண்டினார். ஒரு முழம் போனதும் ‘டக்’ என்று சத்தம். குனிந்து கையால் மண்ணை வழித்து, எச்சில் தொட்டு எண்ணைத் துடைத்து, என் மனைவியைப் பார்த்து, “வா மகளே, வந்து படி. எனக்குக் கண்ணாடி இல்லை” என்றார். அவள் படிக்க, அளவைக்காரர் தாளில் சரிபார்த்துத் தலையாட்டினார். வடகிழக்கு மூலையில் மட்டும் கல் கிடைக்கவில்லை. புதுக் கல் நட்டார்கள்.

இதைச் செலவு என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் சிவில் சட்டம் 1382ஆம் பிரிவுப்படி, அடுத்தவர் நிலத்தை 10 வருடம் அமைதியாக, வெளிப்படையாக, தனதே என்ற எண்ணத்தோடு அனுபவித்தவர் அதைத் தனதாக்கக் கோரலாம். ஆக, ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டிய சுவர் பத்து வருடத்தில் நமக்குப் பாதகமாகப் பேசலாம். ஒரு முழம் வெளியே போனால் அன்றைக்கே பகையாகலாம். எல்லைக் கோட்டின்மேல் நிற்கும் சுவரை இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். லுங்கிடம் பேசினோம். பொதுச் சுவர் வேண்டாம், முழுக்க உங்கள் நிலத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் சரிதான். பின்னால் அவருடைய பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் யார் பூச வேண்டும் என்று பேசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

முழுக்க நம் நிலத்திலேயே கட்டுவது என்றால் அஸ்திவாரத்திலும் வேலை இருக்கிறது. சாதாரணமாகக் காலம், அடியில் மண்ணுக்குள் போடும் கான்கிரீட் பெட்டிக்கு நடுவில் நிற்கும். எல்லையோடு ஒட்டிய சுவரில் அப்படி வைத்தால் கான்கிரீட் பெட்டியின் பாதி அடுத்தவர் மண்ணுக்கடியில் போய்விடும். அதனால் காலத்தைப் பெட்டியின் ஓரத்தில் நிறுத்துவார்கள். இங்கே கொத்தனார்கள் இதை ‘தீன் பெட்’ என்கிறார்கள், வாத்துக்கால். ஒரு பக்கமாகச் சுமை இறங்குவதால் பெட்டி சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது காலங்களைக் கோக்கும் தரைப் பீம். தனியாக ஒரு காலத்தை மட்டும் நட்டுவிட்டு மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தால் இதில் நடக்காது.

இனி தண்ணீர்.

மனைக்கு மேற்கே லுங்கின் வயல், கொஞ்சம் மேடு. கிழக்கே மாமியார் வீடு. வடக்கே, எல்லாவற்றையும்விடத் தாழ்வாக, ஒரு குளம். தெற்கே சாலை. லுங் வயலில் நிரம்பும் தண்ணீர் எங்கள் மனையைக் குறுக்கே கடந்துதான் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, மனைவியின் தாத்தா காலத்திலிருந்து. சட்டமும் அதையே சொல்கிறது: மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக வரும் தண்ணீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும், சிவில் சட்டம் 1339. மண் அடிப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 2,000 சதுர மீட்டருக்கு மேல் மேடாக்கினால் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அதற்குள் இருந்தாலும், பக்கத்து நிலத்தைவிட உயரம் கூடினால், பக்கத்துக்காரருக்குத் தொல்லை வராதபடி வடிகால் அமைப்பது கட்டாயம். ஒரு ராய் 1,600 சதுர மீட்டர்தானே. வீட்டு மனை போடுகிறவர்கள் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையில்தான் வருவார்கள். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. வடிகால் விட வேண்டும் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

நாங்கள் லுங்கையே கேட்டோம். செப்டம்பரில் தண்ணீர் எங்கே நுழையும், எந்த வழியாகப் போகும் என்று அவர் நடந்து காட்டினார். நடக்கும்போதே மூங்கில் குச்சியைக் கிள்ளி நட்டுக்கொண்டே போனார். அந்தக் குச்சிகள் நேர்கோட்டில் இல்லை. தென்மேற்கில் ஒரு வளைவு, பிறகு வடக்கு நோக்கி. எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தக் கோட்டை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்தோம்: மேற்குப் பக்கம் சுவரை எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளுவது, இடைப்பட்ட இடத்தில் வாய்க்கால் வெட்டுவது, வாய்க்கால் வடமேற்கு மூலையில் திரும்பிக் குளத்தில் விழுவது. நிலம் கொஞ்சம் போகிறதே என்று மச்சான் வருத்தப்பட்டார். எல்லைக் கல் எல்லையில்தான் நிற்கிறது, வாய்க்காலும் நம் பத்திரத்துக்குள்தான் ஓடுகிறது, லுங் அதற்கு எழுத்தில் ஒப்புதலும் கொடுத்தார். போனது எதுவும் இல்லை. மழைக்காலத்தில் அந்த வாய்க்காலில் தவளை பிடிப்பதும் மச்சான்தான்.

அடுத்த சிக்கல், கொட்டிய மண்ணைத் தாங்குவது. வடக்குப் பக்கம் எங்கள் மனை பழைய தரையைவிட ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரம். அங்கே சுவரின் அடிப்பகுதி சுவர் இல்லை, மண்ணணை. இந்த இடத்தில்தான் கிராமத்து காம்பவுண்டுகள் அதிகம் விழுகின்றன. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இருபது மீட்டர் நீளத்துக்கு மேல் சுவர் முதலில் வயிறு தள்ளி, பிறகு ஒரு மழை இரவில் அப்படியே வயலில் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஹாலோ பிளாக்கை மண்ணுக்கு முட்டுக் கொடுத்து அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. காய்ந்த மண்ணை வேண்டுமானால் அந்தச் சுவர் தாங்கியிருக்கும். ஊறிய மண்ணைத் தாங்காது. சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர், ஒரு மீட்டர் ஆழத்தில், சதுர மீட்டருக்கு ஒரு டன் என்ற கணக்கில் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல்.

இதற்கு இங்கே புழக்கத்தில் இருக்கும் நல்ல வழி, தளம் போடுகிற ரெடிமேட் கான்கிரீட் பலகை. ஐந்து சென்டிமீட்டர் தடிமன், 35 சென்டிமீட்டர் அகலம், உள்ளே இழுத்துப் பிடித்த கம்பி. அவற்றைப் படுக்கவாட்டில் காலங்களுக்குப் பின்னால், மண் பக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிவிட்டால் மண் பலகையைத் தள்ளும், பலகை காலத்தைத் தள்ளும், காலம் பெட்டியில் இறங்கும். சுவர் அதற்கு மேலே பீமில் தனியாக நிற்கும். பலகைகளுக்கு இடையில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கொஞ்சம் சரிவாக வைத்தோம். குழாய்க்குப் பின்னால் வெறும் மண் இருந்தால் ஒரே வருடத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு கூடை ஜல்லி, அதைச் சுற்றி வடிதுணி. வெளிவாயில் பாம்பு நுழையாமல் கம்பி வலை. இவ்வளவுதான். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. ஆனால் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு என்று கொத்தனாரே சொன்னார்.

அடித்த மண் உட்கார ஒரு மழைக்காலமாவது விட வேண்டும் என்பார்கள். விட்டோம். இரண்டு மழைக்காலம் விட முடிந்தால் இன்னும் நல்லது. கடைக்கால் பெட்டி எப்படியும் கொட்டிய மண்ணில் உட்காரக் கூடாது. அதைத் தாண்டிப் பழைய தரைக்குள் போக வேண்டும். கடைக்கால் தோண்டும்போது நிறம் மாறுவது நன்றாகத் தெரியும். மேலே லாரியில் வந்த சிவப்பு லூக்ராங் மண், கீழே சாம்பல் நிற வயல் மண்.

சாம்பல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, உப்பு. ஈசான் முழுக்கப் பரந்த கோராட் பீடபூமிக்கு அடியில் கல்லுப்பு படிவங்கள் கிடக்கின்றன. கோடையில் எங்கள் பக்கம் சில வயல்களில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம்; சில ஊர்களில் அதைச் சுரண்டிக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். அந்த உப்பு சுவரில் ஏறினால் பூச்சு பொரிந்து உதிரும், உள்ளே போனால் கம்பியைத் தின்னும். ஆகவே கம்பிக்கும் வெளி முகத்துக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட் இருக்கிறதா என்பதை மட்டும் பெட்டிக்குப் பெட்டி நானே குனிந்து பார்த்தேன். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பிக் கூட்டை நேராக மண்ணில் வைப்பது பல இடங்களில் வழக்கம். கம்பி வாங்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். 12 மில்லி என்று கேட்டால் கடையில் “முழுக் கம்பியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். முழு அளவு இல்லாத, கொஞ்சம் மெலிந்த கம்பியும் அதே பெயரில் விற்கிறது, விலை குறைவு. காம்பவுண்டுக்குத்தானே என்று அதை வாங்கிவிடுவார்கள். வாங்காதீர்கள்.

அளவுக் கணக்கு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: ஒரு ராய் சரியான சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 40 மீட்டர், சுற்றளவு 160 மீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஒரு காலம் என்றால் 64. சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை ஹாலோ பிளாக் பிடிக்கும், இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் கட்டினால் 4,000 கல். நிலம் சதுரமாக இருப்பது அபூர்வம். ஒரே பரப்பில் நீளமான மனைக்குச் சுவர் கூடுதலாகப் பிடிக்கும் என்பது வாங்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. சாலையோரச் சுவருக்கு மட்டும் சில விதிகள் தனியாக உண்டு: பொதுச் சாலையை ஒட்டிய சுவர் கட்டடமாகவே கணக்கு, ஓபோதோ என்று கூப்பிடும் தாம்போன் (ஊர்த்தொகுதி) அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும், உயரம் சாலை மட்டத்திலிருந்து 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அவ்வளவு உயரம் தேவையும் இல்லை.

கொத்தனார் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். இங்கே இது சகஜம். அவர் கல் வைப்பார், அவர் மனைவி கலவை போட்டுக் கொடுப்பார், இடையில் ஒரு தம்பி கம்பி வளைப்பான். கூலியை மீட்டர் கணக்கில் பேசினோம், பொருள் எங்களுடையது. மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடுவதும் உண்டு. அப்படி விட்டால் தலைவலி குறையும், ஆனால் கவர் பிளாக்கைக் குனிந்து பார்க்கும் உரிமையும் குறையும். அவர்களும் விவசாயிகள்தான். விதைப்புக்கு ஜூனில் போய்விடுவார்கள், நவம்பரில் அறுவடைக்குப் போய்விடுவார்கள், ஏப்ரல் நடுவில் சொங்க்ரானுக்கு ஊரே நின்றுவிடும். ஆகவே சுவர் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். வெயில் அதிகம் என்பதால் கான்கிரீட்டை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரச் சாக்கைச் சுற்றிக் காலை, மதியம், மாலை என்று தண்ணீர் விட்டது என் வேலை.

அவர் மட்டம் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். லேசர் கருவி அவரிடம் இருந்தது, வெயிலில் அந்தக் கோடு தெரியவில்லை. பையிலிருந்து உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்தார், சிறுவிரல் தடிமன். வாளியிலிருந்து தண்ணீரை வாயால் உறிஞ்சி உள்ளே இழுத்து, ஒரு நுனியைத் தம்பியிடம் கொடுத்து முதல் காலத்துக்கு அனுப்பினார். குழாயில் எங்காவது காற்றுக் குமிழி நிற்கிறதா என்று விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். குமிழி இருந்தால் மட்டம் பொய். பிறகு கடைசிக் காலத்தில் தன் நுனியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஆடி அடங்கும்வரை அசையாமல் நின்று, பென்சிலால் கோடு போட்டார். நாற்பது மீட்டர் தள்ளி இரண்டு கோடுகள், ஒரே மட்டம். நான் பிறந்த ஊரில் சின்ன வயதில் கொத்தனார்கள் டியூப் மட்டம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே குழாய், அதே பொறுமை.

சுவர் எந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. நான் முதலில் நான்கு பக்கமும் ஒரே உயரமாக யோசித்திருந்தேன். மாமியார் எதிர்த்தார். அவர் பேசுவது குறைவு. “சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் விழுந்து கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். இந்த ஊரில் பழைய வீடுகளுக்குச் சுவரே கிடையாது. கால் ஊன்றிய மரவீடுகள், கீழே கட்டில், நடந்து போகிறவர் எல்லாரிடமும் “சாப்பிட்டாச்சா” என்று கேட்கும் தூரம். எல்லை வேண்டுமென்றால் வேலி, அதுவும் பறித்துச் சாப்பிடக்கூடிய வேலி. ‘ருவா கின் டாய்’ என்பார்கள். கோவைக் கொடி, சா-ஓம் என்ற முள்ளுள்ள கீரை, சூபாபுல், முருங்கை. காலையில் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு வீட்டுக்காரர்களும் கொழுந்து கிள்ளுவார்கள். கோவை இலையை ஆம்லெட்டுக்கும் சூப்புக்கும் இவர்கள் போடுவதைப் பார்த்தபின் நான் பிறந்த ஊர் வேலிகளில் அது வீணாய்ப் போவதை நினைத்துக்கொள்வேன்.

மாமியார் சொன்னதை எடுத்துக்கொண்டோம். சாலைப் பக்கம் மட்டும் கெட்டியான சுவர், ஆள் உயரம். புழுதிக்கும் நெல் லாரி இரைச்சலுக்கும் அது வேண்டும். மேற்கில் இடுப்பளவு ஹாலோ பிளாக், அதன்மேல் ஜாலிக் கல், காற்று வர. வடக்கில் மண்ணணைக்கு மேல் காலமும் கம்பி வலையும் மட்டும், அதில் கோவையும் சா-ஓமும் ஏறுகின்றன. கிழக்கில் மாமியார் வீட்டுப் பக்கம் சுவர் கிடையாது. அவருடைய பழைய வேலி அப்படியே இருக்கிறது, நடுவில் அவர் குனியாமல் நுழைகிற மாதிரி ஒரு மரப் படல். நான்கு பக்கமும் மூடினால்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன், ஆனால் எங்கள் வீட்டில் யாராவது ஒரு நாள் வெளியே வராமல் இருந்தால் முதலில் கவனிப்பது அந்தப் படல் பக்கம்தான்.

மேற்கு எல்லையில் லுங்குடைய மாமரம் ஒன்று நிற்கிறது, கிளை எங்கள் பக்கம். இதற்கும் சட்டம் வழி சொல்லியிருக்கிறது, அழகான சட்டம். எல்லை தாண்டி வரும் வேரை நாம் வெட்டலாம். கிளையை வெட்ட வேண்டுமென்றால் மரத்துக்காரருக்குச் சொல்லி அவகாசம் கொடுத்த பிறகுதான். இயல்பாக நம் நிலத்தில் உதிர்ந்த பழம் நம் நிலத்துக் கனி என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். வேர் சுவரைத் தூக்கும் என்று கொத்தனார் எச்சரித்தார். மரத்துக்கு நேரே பெட்டி வராதபடி அந்த ஓர் இடத்தில் காலங்களின் இடைவெளியைக் கூட்டி, பீமை வேருக்கு மேலே தாண்டவிட்டோம். மரம் லுங்கின் அப்பா நட்டது.

கேட் எங்கே வைப்பது என்பதில் எனக்கும் ஊருக்கும் கருத்து வேற்றுமையே வரவில்லை. எதிரே ஒரு மண்பாதை வந்து சாலையில் முட்டுகிறது. அதற்கு நேராக வாசல் கூடாது என்றார் மாமியார். முச்சந்தி ஆகாது. நம் ஊரில் தெருக்குத்து என்று பிள்ளையாரைக் கொண்டுவந்து வைப்போமே, அதே பயம். கேட்டைக் கிழக்காக நகர்த்தினோம். பத்துச் சக்கர லாரி ஒரே வெட்டில் திரும்பும் அகலம் வைத்தோம். வேலை தொடங்குமுன் சாவ் தீ என்ற மண்ணின் காவல் தெய்வத்துக்குப் பூவும் ஊதுபத்தியும் சிவப்புச் சோடாவும் வைத்து, இங்கே தோண்டப் போகிறோம் என்று சொல்லி உத்தரவு கேட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கசெத் விசாய் வட்டாரத்தில், கூ காசிங் என்ற பழைய கோயில் இருக்கிறது. கெமர் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. மூன்று செங்கல் கோபுரங்கள், சுற்றிலும் செம்புரைக்கல் மதில், மதிலுக்கு வெளியே லாட வடிவில் அகழி. கோயிலுக்கு வெறும் அழகுக்கு வெட்டினார்கள் என்று ஒரு காலத்தில் நினைத்திருப்பேன். மழைக்காலத்தில் போய் நின்று பார்த்தால் இந்தச் சமவெளியில் உயர்த்திக் கட்டிய எதற்கும் பக்கத்தில் தண்ணீர் போய்த் தங்க ஓர் இடம் எவ்வளவு அவசியம் என்று புரியும்.

சுவர் முடிந்த வருடம் செப்டம்பரில் நல்ல மழை. விடாமல் பெய்த ஓர் இரவுக்குப் பின் விடியற்காலையில் நானும் லுங்கும் குடையோடு மேற்குப் பக்கம் போனோம். வாய்க்கால் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தது, அவர் வயலில் தண்ணீர் திரும்பி ஏறித் தேங்கவில்லை. வடக்குச் சுவரின் குழாய்கள் எல்லாமே ஒழுகின. முதலில் செம்மண் கலங்கல், பத்து மணிக்குள் தெளிந்துவிட்டது. வடமேற்கு மூலையில் மட்டும் வாய்க்கால் திரும்பும் இடத்தில் வைக்கோல் வந்து அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறியது. லுங் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கையால் இழுத்துப் போட்டார். அந்தத் திருப்பம் செங்குத்தாக இருப்பதால்தான் அடைக்கிறது, கொஞ்சம் வளைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். இந்த ஜனவரியில் கொத்தனார் வரும்போது முதல் வேலை அதுதான். கேட் தண்டவாளத்துக்குக் கீழேயும் ஒரு சிமெண்டுக் குழாய் போடச் சொல்லியிருக்கிறேன், சாலைத் தண்ணீர் அங்கே கணுக்கால் அளவு நிற்கிறது.